மகன் இன்னும் பேசவில்லை: பயிற்சி அவனுக்கா, எனக்கா?

செம்பூரிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். அவரை யாரும் அடையாளம் கண்டுகொள்ளாதபடி சில விவரங்களை மாற்றித் தருகிறேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து திருமணமாகி மும்பை வந்தவர். வங்கியில் வேலை, காலை எட்டரைக்குக் கிளம்பினால் வீடு திரும்ப இரவு ஏழு மணி ஆகிவிடுகிறது. மகனுக்கு இரண்டு வயது நான்கு மாதம். காலையில் மூன்று மணி நேரம் பிளே ஸ்கூல், மற்ற நேரமெல்லாம் மாமியாரின் பொறுப்பு. மகன் சொல்லும் வார்த்தைகளை ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தபோது 11 தான் தேறியது என்றும், இரண்டு வார்த்தைகளைச் சேர்த்து அவன் இதுவரை பேசியதே இல்லை என்றும் குறிப்பிடுகிறார். சொல்வது புரிகிறது, வேண்டியதைக் கைகாட்டிக் கேட்கிறான், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறான். பேச்சு மட்டும் வரவில்லை.

வீட்டிலும் வெளியிலும் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். தமிழ், இந்தி, மராத்தி, ஆங்கிலம் என்று நான்கு மொழிகளைக் கேட்டுக் குழந்தை குழம்புகிறான், வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்கிறார் பிளே ஸ்கூல் ஆசிரியை. “இவன் அப்பனும் நாலு வயசுலதான் வாயத் திறந்தான்” என்று சொல்லிக்கொண்டே வசம்பை உரைத்து நாக்கில் தடவுகிறார் மாமியார். நாக்குக்கு அடியில் ஒட்டியிருக்கிறது, வெட்டிவிட்டால் பேசிவிடுவான் என்று ஊரிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கணவர் எதற்கும் கருத்துச் சொல்வதில்லை. இதற்கிடையில், தாய்மார்களுக்கான பயிற்சி வகுப்பு, சனிக்கிழமைதோறும், 12 வாரத்தில் உங்கள் குழந்தை பேசும், கட்டணம் 18,000 ரூபாய் என்ற விளம்பரம் கண்ணில் பட்டிருக்கிறது. “நான் வேலைக்குப் போவதால்தான் இப்படி ஆனதா? தமிழை விட்டுவிடலாமா? அந்த வகுப்பில் சேரவா, இல்லை வேலையையே விட்டுவிடவா?” என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருந்த ஒரு பத்தியை நான் மறுபடியும் மறுபடியும் படித்தேன். தினமும் இரவு முக்கால் மணி நேரம் மகனை மடியில் இருத்தி, ஃபிளாஷ் கார்டைக் காட்டி, “ஆப்பிள் சொல்லு தங்கம், ஆப்பிள்” என்று சொல்லித் தருகிறீர்கள். அவன் நழுவி இறங்கி ஜன்னலுக்கு ஓடுகிறான். தூரத்தில் ஹார்பர் லைன் லோக்கல் போகும்போது “ஊ” என்று கத்திவிட்டு உங்களைத் திரும்பிப் பார்க்கிறான். நீங்கள் அவனைத் தூக்கிக்கொண்டு வந்து மறுபடியும் கார்டுக்கு முன்னால் உட்கார வைக்கிறீர்கள். உங்கள் கேள்விகளுக்கான பதிலில் பெரும்பகுதி இந்த ஜன்னலோரத்தில்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

முதலில் காது

குக்கர் விசிலுக்கும் கதவுமணிக்கும் திரும்பிப் பார்க்கிறான், அதனால் காதில் குறையில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இதை மட்டும் வைத்து அப்படி முடிவு செய்ய முடியாது. குக்கர் விசில் பலத்த ஓசை. மனிதப் பேச்சில் உள்ள ‘ஸ’, ‘ஃப’ போன்ற மெல்லிய ஒலிகள் காதில் விழாத குழந்தையும் விசிலுக்குத் துள்ளித் திரும்பும். அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைகளுக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக்கொள்வதும் இந்த வயதில் மிகச் சாதாரணம். அதில் வலியே இல்லாமல் போகலாம். ஒரு மாதம் நன்றாகக் கேட்கும், அடுத்த மாதம் மந்தமாகிவிடும். பிறந்தபோது செய்த பரிசோதனையில் தேறியிருந்தாலும் இது பின்னால் வரக்கூடியது. எனவே வேறு எதற்குப் பணம் செலவழிப்பதற்கும் முன்னால், இ.என்.டி. டாக்டரிடம் காதைக் காட்டி, ஆடியாலஜிஸ்டிடம் கேட்கும் திறனை முறையாகச் சோதித்துவிடுங்கள். செவிப்பறையின் அசைவை அளக்கும் டிம்பனோமெட்ரி, உட்செவியின் எதிரொலியைப் பதியும் ஓ.ஏ.இ., தேவைப்பட்டால் தூங்க வைத்து, ஒலிக்குச் செவி நரம்பு தரும் பதிலைப் பதியும் பெரா ஆகியவைதான் அந்தப் பரிசோதனைகள். எதிலும் வலி கிடையாது.

இதற்கு நீங்கள் பெரிய தனியார் மருத்துவமனைக்குப் போக வேண்டியதில்லை. பாந்த்ராவில் மத்திய அரசின் அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் பேச்சுக்கும் செவித்திறனுக்கும் என்றே இருக்கிறது. மும்பை சென்ட்ரலில் மாநகராட்சியின் நாயர் மருத்துவமனையிலும் இதற்கான தனிப் பிரிவு உண்டு. பாந்த்ராவுக்கு ஹார்பர் லைனில் ஏறி வடாலாவில் மாற வேண்டும். அந்தப் பயணத்தில் உங்கள் மகனுக்கு எந்தப் புகாரும் இருக்காது.

நாக்கை வெட்டும் யோசனையை இப்போதைக்கு ஒதுக்கிவிடுங்கள். நாக்கின் அடிச்சவ்வு ஒட்டியிருந்தால் பால் குடிப்பதில் சிரமம் வரலாம், சில ஒலிகளின் உச்சரிப்பு பாதிக்கப்படலாம். ஒரு குழந்தை 11 வார்த்தைகளோடு நின்றுவிடுவதற்கு அது காரணமாகாது. வசம்பையும் நிறுத்திவிடுவது நல்லது. அதிலுள்ள பீட்டா அசரோன் என்ற பொருள் நச்சுத்தன்மை கொண்டது. பேச்சுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

பதினொன்று என்ற கணக்கு

இரண்டு வயது முடியும்போது சுமார் 50 வார்த்தைகளும், “பால் தா”, “அப்பா போ” போன்ற இரண்டு வார்த்தைச் சேர்க்கைகளும் இருக்க வேண்டும் என்பது எங்கள் பேச்சு-மொழி சிகிச்சைத் துறையில் பொதுவாக வைத்துக்கொள்ளும் அளவுகோல். உங்கள் மகன் அதற்குப் பின்தங்கியிருக்கிறான் என்பதில் ஐயமில்லை. ஆனால் நீங்கள் எண்ணிய விதத்தில் ஒரு பிழை இருக்கிறது. தெளிவாகச் சொல்லும் தமிழ் வார்த்தைகளை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். வேலைக்கு வரும் மௌசியிடம் அவன் கேட்கும் “பானி”, பிளே ஸ்கூலில் கற்ற “நோ”, நாயைப் பார்த்தால் சொல்லும் “பௌ பௌ”, ஆச்சியை அழைக்கும் “ஆத்தி” எல்லாமே கணக்கில் சேரும். ஒரே பொருளை எப்போதும் ஒரே ஒலியால் குறித்தால் அது வார்த்தைதான்; அந்த வகையில் ரயிலுக்கு அவன் வைத்திருக்கும் “ஊ” கூட ஒரு வார்த்தை. எல்லா மொழிகளையும் சேர்த்து மறுபடி எண்ணுங்கள். எண்ணிக்கை 50-ஐத் தொட்டுவிடாது. ஆனால் பரிசோதிப்பவருக்குச் சரியான தகவல் போய்ச் சேரும்.

கணவரும் தாமதமாகப் பேசியவர் என்ற செய்தியை நான் புறந்தள்ளவில்லை. தாமதமாகப் பேசத் தொடங்குவது குடும்ப வழியாக வருவது உண்டு, ஆண் குழந்தைகளிடம் அதிகம் காணப்படுவதும் உண்மை. புரிந்துகொள்வதிலும் கைகாட்டுவதிலும் குறையில்லாத இத்தகைய குழந்தைகளில் கணிசமானோர் பள்ளி வயதுக்குள் மற்றவர்களை எட்டிப்பிடித்துவிடுகிறார்கள். எட்டிப்பிடிக்கப் போகிறவர் யார், உதவி தேவைப்படுகிறவர் யார் என்பதை இரண்டேகால் வயதில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதால்தான் அவன் அப்பாவின் கதையை நம்பி நான்கு வயது வரை காத்திருக்க வேண்டாம் என்கிறேன். பரிசோதனைக்குப் போகும் அதே சந்திப்பில் ஆட்டிசத்துக்கான 20 கேள்விகள் கொண்ட எம்-சாட் படிவத்தையும் நிரப்பச் சொல்வார்கள். அது 16 முதல் 30 மாதம் வரையுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவானது. கேட்டதற்காகப் பதற வேண்டாம். கைகாட்டுவதும், பெயருக்குத் திரும்புவதும், ரயிலைப் பார்த்துவிட்டு அம்மாவும் பார்த்தாளா என்று திரும்புவதும் நல்ல அடையாளங்கள்.

தமிழை நிறுத்த வேண்டாம்

ஆசிரியை அக்கறையோடுதான் சொல்லியிருப்பார்; சொன்னது தவறு. ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளைக் கேட்பதால் பேச்சுத் தாமதம் வருவதில்லை. மாதுங்காவிலும் தாராவியிலும் தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகள் வீட்டில் தமிழும் தெருவில் இந்தியும் கேட்டுத்தான் வளர்ந்திருக்கிறார்கள். தாமதம் இருக்கும் குழந்தைக்கு எல்லா மொழியிலும் தாமதம் இருக்கும்; ஒரு மொழியை எடுத்துவிட்டால் இன்னொன்று வேகமாக வந்துவிடாது. அதோடு, உங்கள் மாமியாருக்கு ஆங்கிலம் தெரியாது என்கிறீர்கள். வீட்டில் ஆங்கிலம் மட்டும் என்று முடிவு செய்தால், பகல் முழுவதும் அவனோடு இருக்கும் ஒரே மனுஷி ஊமையாகிவிடுவார். நீங்களும் அலுவலக ஆங்கிலத்தில் “கம் ஹியர், சிட் டவுன், ஈட்” என்று கட்டளைகளை மட்டும் பேசிக்கொண்டிருப்பீர்கள். கொஞ்சுவதும் கோபிப்பதும் கதை சொல்வதும் உங்களுக்குத் தானாக எந்த மொழியில் வருகிறதோ அதில் பேசுங்கள். 2020-இன் தேசியக் கல்விக் கொள்கையே, இயன்ற இடங்களில் குறைந்தது ஐந்தாம் வகுப்பு வரை வீட்டுமொழியில் கற்பிக்கச் சொல்கிறது. ஆசிரியை மீண்டும் கேட்டால், பரிசோதனைக்கு ஏற்பாடு செய்திருக்கிறோம், வீட்டில் தமிழ்தான் தொடரும் என்று பணிவாகச் சொல்லிவிடுங்கள்.

பயிற்சி என்றால் என்ன

‘தாய்க்குப் பயிற்சி’ என்ற சொல்லைக் கேட்டதும், தாயிடம் ஏதோ குறை என்று நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். நீங்கள் வேலைக்குப் போவதால் இது வந்தது என்பதற்கு எந்த முகாந்திரமும் இல்லை. இத்தகைய பயிற்சி தோன்றிய காரணமே வேறு. 1970-களின் நடுவில் கனடாவின் மாண்ட்ரியலில் பேச்சு சிகிச்சையாளராக இருந்த அயலா மனோல்சன், குழந்தையோடு தாம் செலவிடும் நேரம் மிகக் குறைவு, நாள் முழுவதும் உடனிருப்பவர்கள் பெற்றோரே என்பதைக் கருதி, பெற்றோரைக் குழுவாக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்த ஹானன் முறை இன்று பல நாடுகளில் இருக்கிறது. நம் பக்கத்திலும் உதாரணம் உண்டு. ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பெற்றோருக்காக கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் நடத்தி 2016-இல் முடிவுகள் வெளியான ஓர் ஆய்வில், சிறப்பு நிபுணர்கள் அல்லாத பணியாளர்களே பயிற்சி பெற்று இதை நடத்தினார்கள். தாயும் குழந்தையும் விளையாடுவதை வீடியோ எடுத்து, தாயுடனே உட்கார்ந்து பார்த்து, எந்தக் கணத்தில் குழந்தை பேச்சைத் தொடங்கியது, தாய் என்ன செய்தார் என்று பேசினார்கள். பெற்றோர் குழந்தையின் போக்கோடு இசைந்து பதில் சொல்வது கூடியது. குழந்தைகள் தாங்களாகவே தொடர்பைத் தொடங்குவதும் கூடியது. உங்கள் மகனுக்கு ஆட்டிசம் என்று நான் சொல்லவில்லை. பயிற்சியின் இயல்பு விளங்குவதற்காக இதைக் குறிப்பிடுகிறேன்.

குழந்தையின் காதில் ஒரு நாளைக்கு இத்தனை ஆயிரம் வார்த்தைகள் விழ வேண்டும் என்று எங்கோ படித்து, அந்த அவசரத்தில் வாய் ஓயாமல் பேசுவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கருத்துக்கு மூலம் 1995-இல் அமெரிக்காவில் வெறும் 42 குடும்பங்களை வைத்து வெளியான ஆய்வு. அதன் கணக்கைப் பின்னால் வந்தவர்கள் பலவாறு மறுத்திருக்கிறார்கள். நான்கு முதல் ஆறு வயதுக் குழந்தைகளை ஆராய்ந்து 2018-இல் வெளியான இன்னோர் அமெரிக்க ஆய்வில், காதில் விழுந்த வார்த்தைகளின் எண்ணிக்கையைவிட, பெரியவரும் குழந்தையும் மாறி மாறிப் பேசிக்கொண்ட தடவைகளின் எண்ணிக்கையே மூளையின் மொழிப் பகுதியின் செயல்பாட்டோடு பொருந்திவந்தது. ஆகவே பயிற்சியில் உங்களுக்குச் சொல்லித் தரப்போவது அதிகம் பேசுவதை அல்ல. குழந்தை தொடங்கும்வரை வாய்மூடி இருப்பதைத்தான், அதுவும் ஒன்பது மணி நேர வேலை முடிந்து வந்து, அவனோடு இருக்கக் கிடைத்த கொஞ்ச நேரத்திலேயே எல்லாவற்றையும் ஊட்டிவிட வேண்டும் என்று தவிக்கும் தாய்க்கு.

இப்போது அந்த ஜன்னலுக்குப் போவோம். நாளை இரவு கார்டுகளை அலமாரியில் வைத்துவிடுங்கள். அவன் ஜன்னலுக்கு ஓடினால் நீங்களும் போய், உங்கள் முகம் அவன் முகத்துக்கு நேராக வரும்படி தரையில் உட்காருங்கள். எதுவும் சொல்லாதீர்கள். ரயில் வரும்; “ஊ” என்பான்; உங்களைப் பார்ப்பான். அப்போது நீங்களும் “ஊ! ரயில்! ரயில் போகுது” என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். என்ன கலர், எத்தனை பெட்டி, எங்கே போகுது என்று கேட்காதீர்கள். கேள்வி வந்ததும் விளையாட்டு பரீட்சையாகிவிடும். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். முதல் நாள் அந்தப் பத்து எண்ணுவது தாங்க முடியாத நீளமாக இருக்கும். அவன் மறுபடி “ஊ” என்றாலோ, கையை நீட்டினாலோ, சும்மா சிரித்தாலோ அது அவனுடைய முறை. அடுத்து உங்கள் முறை. இப்படி இரண்டு மூன்று முறை போய்வந்தாலே அது உரையாடல். சில நாட்கள் கழித்து ஒரு மாலை “ஊ” என்பது “யில்” என்று மாறலாம், மாறாமலும் இருக்கலாம். திருத்தாதீர்கள்; “ஆமா, ரயில் வந்துச்சு” என்று சரியான வடிவத்தைத் திருப்பிச் சொன்னால் போதும்.

மற்ற நேரங்களுக்கும் இதே வழிதான். அவன் “பால்” என்றால் “பால் வேணும்” என்று ஒரு வார்த்தையைக் கூட்டிச் சொல்லிவிட்டுப் பாலைக் கொடுங்கள். தோசையைச் சிறு துண்டுகளாக வைத்து, ஒரு துண்டு கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் அவன் கேட்பதற்குப் பல வாய்ப்புகள் கிடைக்கும். ஆனால் “சொன்னாத்தான் தருவேன்” என்று பிடிவாதம் பிடிக்கக் கூடாது. அவன் கைநீட்டினாலும் கேட்டதாகவே கொள்ள வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் பாட்டு வீடியோ ஓடுவதாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டு வயதுக் குழந்தைக்குத் திரை நேரம் நாளைக்கு ஒரு மணிக்கு மேல் கூடாது, குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்ன வரம்பு. எனக்கு அந்தக் கணக்கைவிட, அந்த நேரம் எந்த நேரம் என்பதே கவலை தருகிறது. வாய்க்கும் கைக்கும் முகத்துக்கும் வேலை இருக்கும் சாப்பாட்டு வேளையைத்தான் போன் எடுத்துக்கொள்கிறது. முதலில் இரவுச் சாப்பாட்டில் மட்டும் போனை நிறுத்திப் பாருங்கள். நான்கைந்து நாட்கள் அழுவான், குறைவாகச் சாப்பிடுவான். அதற்காகப் பயந்து திரும்பக் கொடுத்துவிடாதீர்கள்.

அத்தையும் கணவரும்

உங்களைவிட அதிக நேரம் அவனோடு இருப்பவர் உங்கள் மாமியார். தாய்மார் வகுப்பு என்று பெயர் வைத்துவிட்டு அவரை வெளியே நிறுத்துவதில் அர்த்தமில்லை. ஆனால் “நீங்கள் பேசுவது சரியில்லை, டாக்டர் இப்படிச் சொன்னார்” என்று தொடங்கினால் வீட்டில் வேறு பிரச்சினை கிளம்பும். அவருக்கு ஏற்கெனவே தெரிந்ததிலிருந்து தொடங்குங்கள். உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, பிள்ளைகளுக்குப் பங்கு வைத்து, நண்டு ஊர்ந்து கக்கத்தில் கிச்சுகிச்சு மூட்டும் விளையாட்டு அவருக்குத் தெரியாமல் இருக்காது. நண்டு முழங்கை வரை வந்ததும் நிறுத்திவிட்டு, அவன் முகத்தைப் பார்த்துக் காத்திருக்கச் சொல்லுங்கள். அவன் ஏதாவது ஓசை எழுப்பியோ கையை நீட்டியோ மேலே போகச் சொன்ன பிறகு கிச்சுகிச்சு. “அத்தை, உங்ககிட்டதான் அவன் அதிகமா விளையாடுறான், ஆஸ்பத்திரிக்கு நீங்களும் வாங்க, அவன் பகல்ல என்னல்லாம் சொல்றான்னு உங்களுக்குத்தான் தெரியும்” என்று கேட்டால் அவர் மறுக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். அது உண்மையும்கூட. கணவருக்கும் ஒரு வேலை கொடுங்கள்: வாரத்தில் இரண்டு முறை, நீங்களோ அத்தையோ மகனோடு விளையாடும் இரண்டு மூன்று நிமிடங்களை அவர் போனில் வீடியோ எடுக்கட்டும். அதைப் பார்த்தால் யார் எவ்வளவு பேசுகிறோம், அவனுக்கு எவ்வளவு இடம் விடுகிறோம் என்பது யாரும் சொல்லாமலே தெரியும்.

அந்த வகுப்பில் சேருவதற்கு முன்

வகுப்பு நடத்துபவர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில், அதாவது ஆர்.சி.ஐ.யில் பதிவு பெற்ற பேச்சு-மொழி சிகிச்சையாளரா என்று கேட்டு, பதிவு எண்ணை வாங்கிப் பாருங்கள். பேச்சு சிகிச்சைத் தொழில் செய்ய அந்தப் பதிவு சட்டப்படி வேண்டும்; எண்ணைத் தரத் தயங்குபவரிடம் பணம் கட்டாதீர்கள். சேர்க்கும் முன் குழந்தையைப் பார்ப்பார்களா, காதுப் பரிசோதனை அறிக்கையைக் கேட்பார்களா, நீங்கள் குழந்தையோடு இருக்கும் வீடியோவைப் பார்த்து உங்களுக்கென்று கருத்துச் சொல்வார்களா, இல்லை எல்லாருக்கும் ஒரே உரையா என்றும் கேளுங்கள். 12 வாரத்தில் பேசும் என்ற உறுதிமொழியே எனக்கு உறுத்துகிறது. பொறுப்புள்ள எவரும் குழந்தையைப் பார்க்காமல் வாரக் கணக்குச் சொல்ல மாட்டார்கள். கட்டணம் முழுவதையும் முன்பணமாகக் கேட்டால், இடையில் நின்றால் திருப்பித் தருவார்களா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

என் யோசனை, இப்போது அதில் சேர வேண்டாம் என்பதே. முதலில் பாந்த்ராவிலோ நாயரிலோ காதும் பேச்சும் பரிசோதனை ஆகட்டும். அங்கே பெற்றோருக்கான வழிகாட்டலையும் கேட்டுப் பெறுங்கள். சிகிச்சையாளருக்குத் தமிழ் தெரியாதே என்று தயங்க வேண்டாம்; முறையை இந்தியில் கற்றுக்கொண்டு தமிழில் செய்யப்போவது நீங்கள்தான். மதிப்பீட்டின்போது மட்டும் அவன் சொல்லும் தமிழ் வார்த்தைகளின் பட்டியலை எழுதிக்கொண்டு போய் விளக்கிவிடுங்கள். வேலையை விடுவதைப் பற்றி இந்தக் கட்டத்தில் முடிவெடுக்கவே கூடாது. மேலே சொன்னவை அனைத்தும் சாப்பாடு, குளியல், ஜன்னல், படுக்கை என்று ஏற்கெனவே நீங்கள் அவனோடு இருக்கும் நேரத்துக்குள் அடங்குபவை.

சந்திப்புக்கு நாள் கிடைக்கத் தாமதமானாலும் வீட்டில் தொடங்கிவிடுங்கள். ஆனால், இருக்கிற வார்த்தைகளை அவன் இழக்கத் தொடங்கினாலோ, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவது குறைந்தாலோ, கைகாட்டிக் கேட்பதை நிறுத்திவிட்டாலோ, காதில் சீழ் வந்தாலோ காத்திருக்க வேண்டாம்; அந்த வாரமே உங்கள் குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். பரிசோதனை அறிக்கை கைக்கு வந்ததும், விரும்பினால் அதையும், எல்லா மொழிகளையும் சேர்த்து எண்ணிய புதிய பட்டியலையும் எனக்கு அனுப்புங்கள். அடுத்து என்ன செய்யலாம் என்பதை அவற்றைப் பார்த்து எழுதுகிறேன்.